எழுதியவர் பேசக்கூடாது

அந்த வரியை அவள் எழுதவில்லை.

“தூங்கும்போது குழந்தை என் காது மடலைப் பிடித்துக்கொள்ளும். தூக்கம் எவ்வளவு ஆழமானாலும் பிடி விடாது” என்று அறைத்தோழி வாசித்துவிட்டு, பக்கத்தைத் திருப்பி, அடுத்த பத்திக்குப் போனாள். கதையை எழுதியவள் தன் மடியிலிருந்த பிரதியைக் குனிந்து பார்த்தாள். பன்னிரண்டாம் பக்கத்தில் மழை வருகிறது, மகள் செருப்பைத் தேடுகிறாள், அத்தோடு சரி. பதினெட்டு வருடமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறவள் அவள். அடுத்தவர் எழுத்தில் ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலே கண்ணை உறுத்தும். சொந்தக் கதையை ஏழு முறை திருத்தியிருந்தாள். காது மடல் அதில் கிடையாது. வேண்டுமென்றேதான் விட்டிருந்தாள். மற்றதையெல்லாம் கடை பரப்பியாகிவிட்டது, இது ஒன்றாவது தன்னிடம் இருக்கட்டும் என்று.

வாயைத் திறக்கப் போனவள், விதி ஞாபகம் வந்து மூடிக்கொண்டாள்.

கோடை விடுமுறையில் காலியாகக் கிடந்த ஒரு கல்லூரி விடுதியில், பத்து நாள் தங்கி எழுதப் பழகும் கோடைப் பள்ளி அது. பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒரு வக்கீல், ஒரு மருந்துக்கடைக்காரர், மற்றவர்களும் அந்த மாதிரிதான், வீட்டில் யாரும் படிக்காத கதைகளைப் பல வருடமாக அலமாரியில் வைத்திருக்கிறவர்கள். தினமும் பதினோரு மணிக்கு யாராவது ஒருவருடைய கதையை எடுத்துக்கொள்வார்கள். எழுதியவர் வாசிக்கக்கூடாது, வேறொருவர்தான் வாசிப்பார். எழுதியவர் வட்டத்தை விட்டு விலகி, ஜன்னலோரமாகப் போட்டிருக்கும் தனி நாற்காலியில் உட்கார்ந்து, வாயே திறக்காமல் கேட்க வேண்டும். அப்படி ஒரு ஆள் அந்த அறையிலேயே இல்லை என்பது போல மற்றவர்கள் கதையைப் பிய்த்துப் பிய்த்துப் பேசுவார்கள். எல்லாம் முடிந்ததும் ஆசிரியர் இரண்டு கைகளையும் தட்டி, “எழுதினவங்க வந்துட்டாங்க!” என்பார். ஒரே சிரிப்பாக இருக்கும். எழுதியவர் எழுந்து வந்து வட்டத்தில் சேர்ந்துகொள்வார், வேண்டுமானால் அப்போது சண்டை போடலாம்.

இன்று ஆறாம் நாள். அவளுடைய முறை.

கதை அவளையும் அவள் மகளையும் பற்றியது. கணவர் போய் நான்கு வருடமாகிறது. எட்டு வயது மகள்தான் வீடு, உலகம், எல்லாம். வீட்டில் அதற்கு வாலு என்று பெயர். இந்தப் பத்து நாளுக்கு அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். கிளம்பும்போது வாலு அழவில்லை, வாசல் கதவை மட்டும் திறக்கவிடாமல் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டது. மூன்றாம் நாள் தனிச் சந்திப்பில் ஆசிரியர் கதையைப் புரட்டிப் பார்த்து, “பொண்ணு இன்னும் கண்ணுக்குத் தெரியலையேம்மா. தொட்டுப் பாக்குற மாதிரி இருக்கணும். எதையும் பதுக்காதீங்க” என்றார். அவளும் பதுக்கவில்லை. முழங்காலில் இருக்கும் தையல் தழும்பு, கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் வழக்கம், கெஞ்சும்போது மட்டும் கூப்பிடும் ‘அம்முமா’ என்ற அழைப்பு, வெயிலில் விளையாடிவிட்டு வந்த தலைமுடியின் வாசனை. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றையும் வைக்க வைக்கக் கதை நிமிர்ந்துகொண்டே வந்தது.

வாசிக்க முன்வந்தது அறைத்தோழி. முதல் நாளே அறைத்தோழியின் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ள இவள் உதவியபோது, அது காலி அட்டைப்பெட்டி போலக் கனமில்லாமல் இருந்தது. “நான் எதுவும் எழுதிட்டு வரல. எனக்குன்னு சொல்லிக்க ஒண்ணும் இல்ல. வாசிக்கத்தான் வந்தேன்” என்று சிரித்திருந்தாள். நல்ல குரல். கதை ‘நான்’ என்று எழுதப்பட்டிருந்தது. அந்த ‘நான்’ அவள் வாயிலிருந்து வரும்போது கொஞ்சமும் உறுத்தவில்லை.

வாசித்து முடித்தாள். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை டொக்கென்று முட்டிக்கொண்டது. மருந்துக்கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“இது கதையே இல்லைங்க. ஒரு புள்ளைய அப்படியே தூக்கிக் கையில குடுத்த மாதிரி இருக்கு” என்றார் வக்கீல்.

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தக் காது மடல் வரியைப் பற்றிக் கேட்கலாம்தான். எழுந்து நின்று, ஒரு நிமிஷம், அது என் வரி இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வக்கீல் பேசிக்கொண்டிருந்தார், அடுத்து மருந்துக்கடைக்காரர், அதற்கடுத்து இதுவரை யாரையும் பாராட்டியே இராத ஒரு பெண்மணி. பதினெட்டு வருடமாக அடுத்தவர் பெயருக்குக் கீழே இருந்த எழுத்தைச் சரி செய்து கொடுத்தவளுக்கு, ஒரு மணி நேரம் தன்னைப் பற்றியே பேசக் கேட்பது எப்படி இருக்கும்? அவள் வாயை மூடிக்கொண்டு கேட்டாள். இன்னும் சொல்லுங்கள், இன்னும் சொல்லுங்கள் என்று கேட்டாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. ஆசிரியர் கைகளைத் தட்டவில்லை.

“முடியல இன்னும். நாளைக்கும் இதே கதைதான்” என்றார். “அதுவரைக்கும் எழுதினவங்க இங்க இல்ல. ஞாபகம் இருக்கட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். யாருடைய கதைக்கும் இரண்டாவது நாள் கிடைத்ததில்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் பதினோரு தட்டுதான் வைத்திருந்தார்கள். விளையாட்டைக் கச்சிதமாக ஆடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து அவளே ஒரு தட்டை எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்த மருந்துக்கடைக்காரரின் முழங்கை அவள் கையில் இடித்தது. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, திரும்பவும் இல்லை. கையை மட்டும், ஏதோ சில்லென்று பட்டது போல, இன்னொரு கையால் தேய்த்துக்கொண்டார்.

அந்தப் பக்கம் கைப்பேசிக்குச் சமிக்ஞை வராது. தாழ்வாரத்தின் கோடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பழைய தொலைபேசிகள் இருந்தன. ஐந்து மணிக்கு அக்கா வீட்டுக்குப் பேசுவது வழக்கம். முதல் மணியிலேயே வாலு எடுத்துவிட்டது.

“வாலு, அம்மாடா.”

“ஹலோ?”

“அம்மாதான்டா. கேக்குதா?”

“ஹலோ, யாரு? பெரியம்மா, யாரும் பேச மாட்டேங்கறாங்க. உஸ்ஸுனு மட்டும் கேக்குது.”

வைத்துவிட்டது. லைன் கோளாறாகத்தான் இருக்கும் என்று மறுபடி எண்களைச் சுழற்றினாள். எங்கேஜ். அப்போதுதான் பக்கத்துத் தொலைபேசியில் யாரோ நிற்பது தெரிந்தது. அறைத்தோழி, தன் வீட்டில் நின்று பேசுவது போல, சுவரில் சாய்ந்து, ஒரு காலை மடக்கி நின்று பேசிக்கொண்டிருந்தாள்.

“அழுதியா? பொய் சொல்லாத. மேசைக்கடியில போய் உக்காந்தியாம், பெரியம்மா சொன்னாங்க. இன்னும் நாலே நாள்டா. சரி, சரி, அம்முமாதான் பேசறேன்.”

தாழ்வாரத்துச் சிமெண்டில் பகல் முழுக்க ஏறிய வெயில் செருப்பையும் தாண்டிப் பாதத்தைச் சுட்டது. அவளுக்கோ கை கால் சில்லிட்டுப் போயிருந்தது. அறைத்தோழியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். உலுக்கினாள் என்றுதான் அவள் நினைத்தாள். அந்தத் தோள் அசையவில்லை. அறைத்தோழி ரிசீவரை வைத்துவிட்டு, முந்திய நாள் வரை அவளோடு அரட்டை அடித்துக்கொண்டே நடந்த அதே தாழ்வாரத்தில், அவளைத் தாண்டிப் போனாள்.

அறைக்கு ஓடி வந்து கதையை எடுத்தாள். பன்னிரண்டாம் பக்கம். மழை வருகிறது, மகள் செருப்பைத் தேடுகிறாள், அடுத்த வரியில் காது மடல். அதே எழுத்துரு, அதே வரி இடைவெளி. தலைக்கு மேல் பல்பு மெல்லிதாக ரீங்கரித்துக்கொண்டிருந்தது. அவள் பென்சிலை எடுத்து, தொழில் பழக்கத்தில், அந்த வரியைச் சுற்றிக் கோடு போட்டு ஓரத்தில் நீக்கல் குறி இட்டாள். பென்சில் தாளில் உரசும் சத்தம் கேட்டது. தாளில் கோடு விழவில்லை.

ஏழாம் நாள் ஒரு முடிவோடுதான் போனாள். விதியாவது, கோடைப் பள்ளியாவது. வட்டத்தின் நடுவில் போய் நின்று, தொண்டை கிழிய, “போதும்! நிறுத்துங்க!” என்று கத்தினாள்.

யாரும் திரும்பவில்லை. வக்கீல் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு யோசித்தார்.

“ஏன்னு தெரியல, இந்த இடத்துல ‘போதும்’னு அம்மா சொல்ற மாதிரி ஒரு வசனம் வந்தா நல்லா இருக்கும்னு தோணுது” என்றார்.

“அருமை, குறிச்சுக்குங்க” என்றார் ஆசிரியர்.

பதினோரு பேனாக்கள் குறித்துக்கொண்டன.

அவள் மேசையிலிருந்த தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டாள். டம்ளர் உருண்டு விழுந்து உடைந்தது. காற்று ரொம்ப அடிக்கிறது என்று மருந்துக்கடைக்காரர் எழுந்து மின்விசிறியைக் குறைத்தார். பிறகு அவர்கள் மகளைப் பற்றிப் பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் எந்த பெஞ்சு, எந்தக் கனவைக் கண்டு பயப்படும், அப்பாவைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்லும். கேள்வி கேட்டவர்களுக்கெல்லாம் அறைத்தோழி பதில் சொன்னாள். எதுவும் கதையில் இல்லாதது. எல்லாம் சரியாக இருந்தது. அவள் சொல்லச் சொல்ல, ஜன்னலோரத்தில் நின்றவளுக்கு அது ஒவ்வொன்றும் மங்கியது. பெஞ்சு ஜன்னல் பக்கமா, கதவுப் பக்கமா? காய்ச்சலில் கிடந்தபோது நெற்றியில் போட்ட துணி என்ன நிறம்? நேற்று வரை தெரிந்திருந்தது. நாக்கு நுனியில் நிற்கிறது, வரவில்லை.

எட்டாம் நாள் விடிந்ததும் கிளம்பிவிட்டாள். பையைத் தேடினாள், கிடைக்கவில்லை. அவளுடைய துணிகள் அறைத்தோழியின் கட்டிலுக்கடியில், அந்தப் பெட்டிக்குள், ஒழுங்காக மடித்து வைக்கப்பட்டிருந்தன. பெட்டி இப்போது கனமாக இருந்தது. இழுக்க முடியவில்லை. போனால் போகட்டும் என்று வெறும் கையோடு நடந்தாள். படிக்கட்டு, முற்றம், காய்ந்த புல், இரும்புக் கேட். நடந்தே போனாலும் நாளைக்குள் அக்கா வீடு. கதவைத் தட்டினால் வாலு திறக்கும். வாலுவுக்குத் தெரியாமல் போகுமா என்ன? பெற்ற குழந்தை. கேட்டின் தாழ்ப்பாளை நீக்கினாள். துரு வாசனை கையில் ஒட்டியது. வெளியே தார் ரோடு. காலைத் தூக்கி வைத்தாள்.

காலடியில் வழவழப்பான சிமெண்டுத் தரை. எதிரே வட்டமாகப் பதினோரு முதுகுகள். மின்விசிறி டொக்.

மணி பதினொன்று. அவள் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அதன் பிறகு அவள் எழுந்திருக்கவே இல்லை. எட்டாம் நாள் விவாதம், ஒன்பதாம் நாள் விவாதம். பசி எடுக்கவில்லை. அது நின்றுபோனதை நினைத்துத்தான் முதலில் அழுதாள். அழுகைக்கும் சத்தம் இல்லை. வக்கீல் ஜன்னல் பக்கம் வந்து நின்று எட்டிப் பார்த்துவிட்டு, மழை வரும்போல ஈரமாக இருக்கிறது என்றார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சாயங்காலங்களில் எல்லோரும் போன பிறகு அந்த அறையில் அவள் மட்டும் இருந்தாள். வெப்பத்தில் மரச்சட்டங்கள் முனகும். சுண்ணாம்புச் சுவரின் வாசனை. தூரத்தில் தட்டுகளின் சத்தம், சிரிப்பு. ஐந்து மணிக்குத் தாழ்வாரத்திலிருந்து அந்த நல்ல குரல். “சாப்டியாடா?”

ஒன்பதாம் நாள் மாலை அறைத்தோழி தனியாக உள்ளே வந்தாள். அவள் மேல் இருந்தது இவளுடைய நீலச் சேலை. நடையும் இவளுடையதாகத்தான் இருந்தது, இடது காலைக் கொஞ்சம் அழுத்தி வைக்கும் நடை. நாற்காலிக்கு எதிரே வந்து குனிந்தாள். கண்கள் இவளைப் பார்க்கவில்லை, இவளுக்குப் பின்னால் எதையோ பார்த்தன.

“நல்லா பாத்துக்கறேன்” என்றாள் மெதுவாக. “நீங்க பாத்துக்கிட்டதவிட நல்லா. நான் அவள யார்கிட்டயும் படிச்சுக் காட்ட மாட்டேன்.”

இவளுக்கு ஆத்திரம் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவள் சொன்னது சரிதானே என்று எங்கோ ஒரு குரல் ஒப்புக்கொண்டது. அந்தக் குரலும் இப்போது மெலிந்துகொண்டு வந்தது.

பத்தாம் நாள் காலை வீட்டு ஆட்கள் வந்து அழைத்துப் போனார்கள். ஒவ்வொரு காராக முற்றத்துக்குள் வந்து போவது ஜன்னல் வழியே தெரிந்தது. வக்கீலை அவருடைய மகன் வந்து கூட்டிக்கொண்டு போனான். மருந்துக்கடைக்காரர் எல்லோரிடமும் முகவரி வாங்கிக்கொண்டார். ஆசிரியர் வாசலில் நின்று கை குலுக்கிக்கொண்டிருந்தார். அவர் இந்த அறைப் பக்கமே வரவில்லை. ஒரே ஒரு முறை கைகளைத் தட்டினால் போதும். அவர் தட்டவில்லை. யாருக்காகத் தட்ட வேண்டும் என்பதே அவருக்கு ஞாபகம் இல்லை போலிருந்தது.

பத்தரைக்கு அக்காவின் கார் வந்தது.

பின் கதவு முழுதாகத் திறப்பதற்குள் வாலு குதித்துவிட்டது. முன்பல் ஒன்று விழுந்திருந்தது. எப்போது விழுந்தது? யாரும் சொல்லவில்லை. “அம்மா!” என்று கத்திக்கொண்டு நேராக இந்த ஜன்னலைப் பார்த்து ஓடி வந்தது. அவள் நாற்காலியில் இருந்தபடியே இரண்டு கைகளையும் நீட்டினாள். இதோ, இதோடா, இங்கே.

வாலு ஜன்னலுக்கு நாலடி முன்னால் திரும்பி, படிக்கட்டில் இறங்கி வந்த அறைத்தோழியின் இடுப்பைக் கட்டிக்கொண்டது.

“என்னடி இப்படி இளைச்சுட்ட?” என்றாள் அக்கா, அவளுடைய சொந்த அக்கா, அந்தப் பெண்ணின் கன்னத்தைப் பிடித்து. “புள்ள பத்து நாளும் உயிர எடுத்துட்டா. வண்டில ஏறு, வெயில் ஏறுறதுக்குள்ள போயிடலாம்.”

“இரு பெரியம்மா. அம்மா எங்க உக்காந்து எழுதுனாங்கன்னு பாக்கணும்.”

வேண்டாம் என்று அவள் நினைத்தாள். வா என்றும் நினைத்தாள்.

செருப்புச் சத்தம். தாழ்வாரம். கதவு. வாலு உள்ளே வந்தது. கலைந்து கிடந்த வட்டத்தில் ஒவ்வொரு நாற்காலியாக உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தது. அறைத்தோழி வாசலிலேயே நின்றுவிட்டாள். “போதும், வா போலாம்” என்றாள். குரலில் முதல் தடவையாக ஒரு பதற்றம். வாலு காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதற்கு எப்போதும் ஜன்னலோரம்தான் வேண்டும்.

வந்தது. திரும்பியது. அவள் மடியில் உட்கார்ந்தது.

அந்த எடை. பிடரியில் வியர்வை. வெயில் ஏறிய முடியின் வாசனை. மங்கிப்போனதெல்லாம் ஒரு நொடியில் திரும்பி வந்தது. ஜன்னல் பக்க பெஞ்சு. மஞ்சள் நிறத் துணி. முதுகெலும்பின் ஒவ்வொரு கண்ணியும் அவள் நெஞ்சில் பட்டது. அவள் கைகள் தாமாகவே சுற்றி வளைத்துக்கொண்டன.

கால்களை ஆட்டிக்கொண்டிருந்த வாலு ஆட்டுவதை நிறுத்தியது.

“அம்மா, இந்த நாற்காலி ஏன் ஐஸ் மாதிரி இருக்கு?”

“எந்திரிச்சு வா.”

“வரேன்.” வரவில்லை. “அம்மா, எந்திரிக்க முடியல.”

விட்டுவிட வேண்டும். அவளுக்குத் தெரிந்தது. குழந்தைக்கு மூச்சு முட்டுகிறது. நெஞ்சுக்கூடு படபடவென்று அடித்துக்கொள்கிறது. கையை எடுக்க வேண்டும். எடுத்தால் போய்விடும். கார், ரோடு, வீடு. இன்னும் ஒரு நொடி. ஒரே நொடி. இறுக்கினாள்.

“அம்மா! யாரோ புடிச்சுக்கிட்டிருக்காங்க! கழுத்துல மூச்சு விடறாங்க! அம்முமா!”

“இங்கேதான்டா இருக்கேன்” என்றாள் அவள், சத்தமே இல்லாமல்.

அறைத்தோழி பாய்ந்து வந்து குழந்தையைப் பிடுங்கித் தூக்கினாள். வாலுவின் இரண்டு கைகளிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை விரல் விரலாகச் சிவந்திருந்தது. தோளில் முகத்தைப் புதைத்துத் தேம்பிக்கொண்டே, கதவைத் தாண்டும்போது, அது தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தது.

பார்த்தது. நாற்காலியை இல்லை. அவளை. நான்கு நாளாக யாரும் பார்க்காத முகத்தை, அந்த முகம் இப்போது என்னவாக ஆகியிருக்கிறதோ அதை, கண்ணுக்குக் கண்.

பயப்படாதே என்று சொல்வதற்காக, அவள் குழந்தையைப் பார்த்துச் சிரித்தாள்.

கார் கேட்டைத் தாண்டிப் போன பிறகும் வாலுவின் அலறல் நிற்கவில்லை.